டப்பா காலியாகத்தான் வருகிறது

அன்பு மகள் நஸீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி இர்ஃபானும் இறைவன் அருளால் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது. தம்பி பள்ளிக்கூடத்தில் மதியம் சாப்பிடுகிறான் என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "நான் வேலையை விடக் கூடாதுன்னு பொய் சொல்றீங்கத்தா" என்கிறாய். அவன் டீச்சர் அனுப்பிய படத்தை உனக்கு அனுப்பினால், "காலி டப்பாவை யாரு வேணாலும் படம் எடுக்கலாம்" என்று பதில் போடுகிறாய். போனில் பேசினால் பாதியில் குறுக்கே புகுந்துவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது. அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு கடைக் கல்லாவில் உட்கார்ந்து, குக்கர் கைப்பிடிகளுக்கு நடுவே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். வேலையை விடுவதாக ஓசூரில் எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றும், இந்த மாதக் கடைசிவரை யோசித்துப் பார்க்கச் சொல்லி உன் மேலாளர் அதை எடுத்து வைத்திருக்கிறார் என்றும் சொன்னாய். நல்ல மனிதர். அவருக்காகவாவது இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவெடு.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். தம்பிக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவனுக்கும் உலகத்துக்கும் நடுவில் நீதான் நின்றாய். அவன் பேசும் சொற்ப வார்த்தைகளில் முதல் வார்த்தையே அக்காதான். அத்தா என்பது ரொம்பப் பின்னால் வந்தது, அதற்கு நான் இன்னும் பொறாமைப்படுகிறேன். நெல்பேட்டையில் நம் சந்து முனையில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஆறாவதுக்கு எங்கே போவது என்று அலைந்தபோது, அவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்ற ஒரு டீச்சர் அவனியாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூட்டிப் போனதும் நீதான். "மத்த பிள்ளைகளோட ஒரே வகுப்புல இருக்கட்டும், நான் கூட இருப்பேன், கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று கவிதா டீச்சர் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் உனக்கு ஓசூர் வேலை வந்தது. நீ போக மாட்டேன் என்றாய், நாங்கள் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினோம். "பள்ளிக்கூடம் திறந்து அவன் ஒழுங்காச் சாப்பிடலேன்னா நான் வந்துருவேன்" என்று மாட்டுத்தாவணியில் பஸ் படியில் நின்றுகொண்டு சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாய். பக்கத்து சீட்டுக்காரர் நீ ஏதோ பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாய் என்று நினைத்து எங்களை முறைத்தார்.

நீ போன பிறகு நாங்கள் ஆயத்தம் செய்த அழகைக் கேள். நீ சுவரில் ஒட்டிவிட்டுப் போன படங்களை அம்மா தினமும் அவனுக்குக் காட்டினாள்: வண்டி, கேட், டீச்சர், பை, கழிப்பறை, சாப்பாட்டு டப்பா. புதுச் சட்டை உறுத்தும் என்பதால் துணி எடுத்த கையோடு கழுத்துப் பட்டியில் இருந்த லேபிளை வெட்டி, சோப்புப் போட்டுத் துவைத்துத் துவைத்துப் புதுசைப் பழசாக்கினாள். அது முதல் நாளே போன வருஷத்துச் சட்டை போல இருந்தது, அவனுக்கு அதுதான் பிடித்தது. ஷூவுக்குக் கயிறு வேண்டாம், ஒட்டுகிற பட்டைதான் என்று தேடி வாங்கினேன். கடை திறப்பதற்கு முன்னால் காலையில் அவனை வண்டியில் வைத்து அவனியாபுரம்வரை போய், பூட்டிய கேட்டைக் காட்டிவிட்டுத் திரும்புவேன். தினமும் வந்து கேட்டைப் பார்த்துவிட்டுப் போகிற ஆளைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரும். வாட்ச்மேன் ஒரு நாள், "அண்ணே, பழைய இரும்பு எதுவும் போடறதா இல்லை, சும்மா அலையாதீங்க" என்று சொல்லிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே கேட்டைத் திறந்துவிட்டு, "உள்ள போயி நல்லாச் சுத்திக் காட்டுங்க" என்றார். விமானம் தாழப் பறக்கிற இடமாயிற்றே, சத்தத்துக்கு மிரளுவான் என்று நான் பயந்தேன். அவனோ தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். நாம் பயந்த எதற்கும் அவன் பயப்படவில்லை, நஸீமா. நாம் நினைத்தே பார்க்காத இடத்தில்தான் இடித்தது.

சாப்பாட்டையும் ஒத்திகை பார்த்தோம், உனக்கு அப்போதே சொன்னேன். மே மாதத்தில் ஒரு மதியம் நானும் அம்மாவும் அவனைக் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கும். பிள்ளை நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி வழித்துச் சாப்பிட்டான். அம்மா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகிவிட்டது, இனி மணி அடித்தால் போய் உட்கார வேண்டியதுதான் என்று நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை டப்பா போனபடியே திரும்பி வந்தது. முதல் நாள்தானே என்று விட்டோம். செவ்வாயும் அப்படியே. அம்மா முட்டை வைத்தாள், சேமியா வைத்தாள், கறி வறுத்து வைத்தாள். கறி வாசனைக்குப் பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்களாம், நம்மவன் தொடவில்லை. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. டப்பாவைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, கையை மடியில் வைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சர் சொன்னார். ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொள்கிறான். "எதுக்கோ காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு சார்" என்றார். ஒரு பொழுது சாப்பிடாவிட்டாலே அவனுக்கு மாலையில் தலை கிறுகிறுக்கும், தெரியும்தானே உனக்கு. இப்படியே போனால் மதியத்தோடு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிடுவார்கள், பிறகு மெல்லப் பள்ளிக்கூடமே நின்றுபோகும் என்று எனக்குப் பயம். உன்னிடம் மட்டும் "நல்லா இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா பொறுக்க முடியாமல் உனக்குப் போன் போட்டுக் கொட்டிவிட்டாள். நீ கேட்டது அதில் பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன். அவள் உன்னோடு பேசி அழுதுகொண்டிருக்கிறாள், கூடத்தில் டிவி ஓடுகிறது, மாடி வீட்டுக்காரர் மோட்டார் போட்டிருக்கிறார், இவன் முன்னால் தட்டு இருக்கிறது, இவன் தொடவில்லை. அந்த நேரம் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னார்கள். அம்மா வழக்கம்போலப் போனை வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டாள், நான் டிவியை நிறுத்தினேன். பாங்கு முடிந்தது. முடிந்த அடுத்த நொடி இர்ஃபான் தட்டில் கை வைத்தான். மூன்று நாள் பட்டினி கிடந்தவன் போலச் சாப்பிட்டான். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு மண்டையில் யாரோ குட்டியது போல இருந்தது.

சின்ன வயதில் நேரம் காலம் இல்லாமல் சோற்றுக்கு மல்லுக்கட்டுவானே, அப்போது நாம் எல்லாரும் சேர்ந்துதானே அவனைப் பழக்கினோம், பாங்கு முடிந்தால்தான் சோறு என்று? மதியம் லுஹர் பாங்கு, நம் வீட்டில் மிக்ஸி நிற்கும், டிவி நிற்கும், பேச்சு நிற்கும், பிறகு தட்டு வரும். நோன்பு மாதத்தில் நாம் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருக்கும்போது, நோன்பு இல்லாத இவனும் ஒரு பழத்தைப் பிடித்துக்கொண்டு நம்மோடு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பான். பழைய பள்ளிக்கூடம் பள்ளிவாசலுக்கு அடுத்த சுவர், சாப்பாட்டு மணியும் லுஹர் பாங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், பாங்கு முடியும்வரை பிள்ளைகளும் வாய் திறக்க மாட்டார்கள். அவனியாபுரத்தில் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிற பக்கத்துக்கு எந்தப் பள்ளிவாசல் சத்தமும் எட்டாது. சட்டை லேபிளிலிருந்து ஷூ பட்டைவரை யோசித்த நாம் இதை யோசிக்கவில்லை. நம் காதுக்குப் பாங்கு அம்புட்டுப் பழக்கம், ஒரு ஊரில் அது கேட்காமல் போகும் என்பதே நமக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் அன்று நான் முடிவுகட்டினேன். அது பாதிதான் சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை நம் பள்ளிவாசல் பாங்கைச் செல்போனில் பதிவு செய்து கவிதா டீச்சருக்கு அனுப்பினேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் எழுமலைப் பக்கம், விவசாயக் குடும்பம், இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று. "பிள்ளை சாப்பிட்டாச் சரிண்ணே, பெரிய டீச்சர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டுவிடுறேன்" என்றார். போட்டார். வகுப்பே போனைச் சுற்றிக் கூடிவிட்டது. இது எங்க தெருவுல கேக்கும் என்று ஒருவன், எங்க ஊருல வேற மாதிரி என்று இன்னொருத்தி, தள்ளுமுள்ளு, சிரிப்பு. இர்ஃபான் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டப்பா அப்படியே வந்தது. அன்றைக்குத்தான் நீ வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாய். வெள்ளிக்கிழமை அவனை மதியத்துக்கு முன்னாலேயே ஜும்ஆவுக்கு அழைத்து வந்துவிட்டேன். தொழுகையில் நான் என்ன கேட்டிருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த திங்கட்கிழமை கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு நானே போனேன். செல்போன் பாங்குக்கு இறங்காதவன் ஆள் சொன்னால் இறங்குவான் என்று நினைப்பு. என் குரல் உனக்குத் தெரியும். சின்ன வயதில் ஓதும்போது, சொல்லிக்கொடுத்த எங்கள் ஹஜ்ரத்தே, "நீ மனசுக்குள்ளேயே ஓதிக்கப்பா" என்று சொன்ன குரல். இந்த வயதுவரை ஒரு தடவைகூடப் பாங்கு சொல்லாதவன் கைகால் முகம் கழுவி ஒளூ செய்துகொண்டு அந்த வகுப்பு வராந்தாவில் நின்று, காதில் விரலை வைத்து, வகுப்புக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் குரல் பிசிறியது. சோற்றுக்காகப் பாங்கு சொல்லலாமா என்று ஒரு பக்கம் உறுத்தல்தான், ஆனால் நேரம் லுஹர் நேரம், அந்த மட்டில் நான் ஏமாற்றவில்லை. தாடி வைத்த ஒரு ஆள் திடீரென்று வந்து வராந்தாவில் நின்று இப்படிச் செய்ததும், பிள்ளைகள் வாயைப் பிளந்து மூச்சு விடாமல் பார்த்தார்கள். முடித்துவிட்டுத் திரும்பினேன். என் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "நீங்க போயி நின்னா சாப்பிடுவான்த்தா. தினமும் போயி நிப்பீங்களா? கடையை யாரு பாக்குறது? நானே வந்துர்றேன்." அந்தக் கேள்வியோடேயே மறுநாளும் போய்ச் சொன்னேன், மறுநாளும் சாப்பிட்டான், மனசு மட்டும் ஆறவில்லை. கிளம்பும்போது கவிதா டீச்சர் என்னை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். மே மாசம் இதே எடத்துல உக்காந்து சாப்பிட்டான்னு சொன்னீங்கள்ல? அன்னைக்குப் பாங்கு கேட்டுச்சா?"

"இங்கதான் கேக்காதே டீச்சர்."

"பெறகு எப்படிச் சாப்பிட்டான்?"

இந்தக் கேள்வி எனக்கோ உன் அம்மாவுக்கோ தோன்றவே இல்லை பார்.

"அன்னைக்கு இங்க என்னதான் கேட்டுச்சு, யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் கேக்கல. லீவுல பள்ளிக்கூடத்துல என்ன சத்தம் இருக்கும்?"

"அதான்ணே! அவன் பாங்குக்குக் காத்துக்கிட்டு இல்ல. எல்லாரும் அடங்குறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கான். உங்க வீட்டுல பாங்கு கேட்டா அம்புட்டுப் பேரும் கப்சிப்னு ஆயிருவீகள்ல? அதுதான் அவனுக்குச் சோத்து நேரம். நேத்தும் இன்னைக்கும் நீங்க சொல்றப்ப எங்க பிள்ளைக மூச்சுவிடல. போன்ல போட்டப்ப எம்புட்டு ரகளை! நாளைக்கு நீங்க உள்ள வர வேணாம். வெளியிலயே நில்லுங்க."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று சொன்னால் சிரிப்பாய். என் குரலுக்கு மகன் மயங்கிவிட்டான் என்று அதற்குள் சந்து முழுக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் நம் கடையில் எத்தனை பேர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து, விசில் வரவில்லை, விசிலை மாற்று என்கிறார்கள்? திறந்து பார்த்தால் விசில் நன்றாக இருக்கும், கேஸ்கட்தான் போயிருக்கும். இத்தனை வருஷம் அதைப் பார்த்தவன், சொந்தப் பிள்ளை விஷயத்தில் விசிலையே பிடித்துத் தொங்கியிருக்கிறேன்.

மறுநாள் மதியம் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே டீக்கடையில் நின்றேன். மணி அடித்தது. பிள்ளைகள் இரைச்சல் போட்டுக்கொண்டு கை கழுவ ஓடுவது கேட்டது, திரும்பி வருவது கேட்டது. பிறகு டீச்சர் குரல்: "டப்பாவைத் தொறக்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் எல்லாரும் அமைதியா இருக்கப் போறோம். சாமி கும்பிடுறவுக கும்பிடுங்க. இல்லாட்டி உங்க அம்மா என்ன கொழம்பு வச்சிருப்பாகன்னு யோசிங்க." அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரைச்சல் கிளம்பியது, நான் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டைப் பார்த்து நகர்ந்தேன். டீச்சர் கேட்டுக்கு வந்து, கையை வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி சைகை காட்டிச் சிரித்தார். ஆரம்பிக்கத்தான் அவனுக்கு அமைதி வேண்டுமாம். கை வைத்துவிட்டால் பிறகு வகுப்பே தலைகீழாக நின்றாலும் அவன் பாட்டுக்குச் சாப்பிடுகிறானாம். படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன், உனக்குக் காட்டத்தான். "பிள்ளை சாப்பிடுறதைப் படம் பிடிக்கக் கூடாதுண்ணே" என்று மறுத்துவிட்டு, காலி டப்பாவைத்தான் எடுத்து அனுப்பினார். நீ நம்ப மறுத்த படத்தின் கதை இதுதான். நான் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டீக்கடைக்காரர் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் போகவில்லை. டப்பா காலியாகத்தான் வருகிறது. அம்மா மறுபடி தயிர்ச்சோற்றுக்கு வந்துவிட்டாள், கறிக்கு ஆசைப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வருத்தம். சாப்பாட்டுக்கு முன் அந்த அமைதி இப்போது அந்த வகுப்பின் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் டீச்சர் விடுப்பில் இருந்தபோது பிள்ளைகளே ஒருவரை ஒருவர் அதட்டி அடக்கிக்கொண்டார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இத்தனை நாள் அவனுக்காக உலகத்தைக் கொஞ்சம் சத்தம் குறைத்து வைத்தது நீ ஒருத்திதான். இப்போது ஒரு வகுப்பே அதைச் செய்கிறது.

நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிச் சுற்றுலாவாகக் கொடைக்கானல் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், வாசலில் இவன் அழுவதைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லாமலே இறங்கி வந்தாய். இறங்கு என்று உன்னை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, நீ ஒருநாளும் இறங்காமல் இருந்ததும் இல்லை. அது அன்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு எல்லாமாக நீ ஒருத்தியே இருந்தால், நீ இல்லாத இடத்தில் அவனுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடும். நாளைக்கு ஏழாவது வரும், வேறு வகுப்பு, வேறு பிள்ளைகள், நாம் யோசிக்காத வேறு ஏதாவது இடிக்கும். இடிக்கட்டும். அப்போது இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு டீச்சர் இருக்கிறார். உன்னிடம் போனில் யோசனை கேட்போம், நீ சத்தம் போடு, கேட்டுக்கொள்கிறோம். உன் மேலாளரிடம் போய் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள். இந்த மாதச் சம்பளத்தில் எங்களுக்கு எதுவும் அனுப்பாதே. உனக்கு ஒரு நல்ல போர்வை வாங்கிக்கொள், அங்கே குளிரும் என்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகு நீ ஒன்று கேட்பாய் என்று எனக்குத் தெரியும். கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலும் இருப்பாய். அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். உன்னைத் தேடுகிறான், நஸீமா. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றியதும் உன் கட்டிலில் போய் உட்கார்ந்து, கதவைப் பார்த்து "அக்கா" என்கிறான். தினமும் தேடுகிறான். ஆனால் சாப்பிட்டுவிட்டுத் தேடுகிறான்.

உன் அத்தா